பிளக் பாயின்ட் பக்கத்துப் படம்

பிரேம் கடையின் கண்ணாடி மேசை மீது குடும்பப் போட்டோவை வைத்துவிட்டு, சின்னத்தாய் அதிலிருந்த தன் புருஷனின் முகத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"இவுக மூஞ்சி மங்கிப் போச்சுண்ணே. இவுகள நல்லாத் தெளிவா, எடுப்பாச் செஞ்சு குடுங்க. கலைக்கூடத்துல மாட்டுறதுக்கு. அமீருன்னிசா டீச்சர்தான் உங்க கடையில குடுக்கச் சொன்னாக."

கடைக்காரர் கருப்புசாமி முதலில் விரலைப் பார்த்தார். பிறகு விரலுக்கு அடியில் இருந்த ஆளைப் பார்த்தார். எழுந்து போய், சத்தமாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார். மூலையில் கிடந்த ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்கம்மிணி. தண்ணி குடிக்கறீங்களா?"

திருப்பூருக்கு வந்து இத்தனை வருஷத்தில் எந்தக் கடைக்காரரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு, டியூப்லைட்டுக்குக் கீழே துணியைத் திருப்பித் திருப்பி ஓட்டையும் கறையும் தேடுவதுதான். கிடைத்த ஸ்டூலை வீணாக்குவானேன் என்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெற்றிப் பொட்டைத் தொடாமல் அதைச் சுற்றித் துடைப்பது அவள் கைக்குப் பழகிய வேலை.

"படத்துல என்ன வயசுங்க இவருக்கு?"

"முப்பது இருக்கும்ணே."

கருப்புசாமி 'த்சொ' கொட்டினார். லைன் வீட்டுக் கூரை ஒழுகி, சுவரில் ஓதம் ஏறி, போட்டோ பாழாய்ப் போனதற்குத்தான் மனிதர் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று சின்னத்தாய் நினைத்துக்கொண்டாள். தொழிலில் இப்படி அக்கறை உள்ளவரிடம் வந்து சேர்ந்தோமே என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"நீங்க ஒண்ணும் மனசப் போட்டு அலட்டிக்காதீங்கம்மிணி. நான் பாத்துக்கறனுங்க. பாத்தீங்கன்னா நேர்ல நிக்கற மாதிரியே இருக்கும்."

நேரில் நிற்கிற மாதிரி இருந்தால் போதும். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

கலைக்கூடம் என்பது பழைய பஞ்சு குடோன். நகராட்சியும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் சேர்ந்து அதற்கு வெள்ளையடித்து, பலகை மாட்டி, ரிப்பன் வெட்டி, அன்று சாயங்காலமே அதை மறந்து போனார்கள். ஊருக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓவிய டீச்சர் அமீருன்னிசாவின் தலையில் விழுந்தது. அவள் கோயம்புத்தூரிலிருந்து ஓவியர்களை வரவழைத்துக் கண்காட்சி வைத்துப் பார்த்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், மீதிப்பேர் மின்விசிறிக்கு வந்தவர்கள். ஒரே ஒருவர் மட்டும் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். டீச்சர் ஆசையோடு பக்கத்தில் போய் நின்றதும், "இந்தக் கலரு துணியில வருமுங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் டீச்சருக்கு ஒன்று பிடிபட்டது. அடுத்தவர் வரைந்ததைப் பார்க்க வராத சனம் தன் முகத்தைப் பார்க்க வரும். வீட்டுக்கு ஒரு குடும்பப் போட்டோ வாங்கி, பெரிதாக்கி, பிரேம் போட்டுச் சுவர் நிறைய மாட்டுவது, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் இரண்டு வார்த்தை பேசுவது என்று திட்டம் போட்டாள். 'ஒரு வீடு, ஒரு படம்' என்று பேனரும் அடித்தாயிற்று.

கம்பெனிகளுக்கும் அது தோதாக அமைந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் ஆடிட்டுக்கு வந்தால் தொழிலாளிகளுக்குப் பொழுதுபோக்கு உண்டா என்றும் கேட்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக் கூட்டிப்போய் நாலு போட்டோ எடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆயிற்று. சின்னத்தாய் வேலை பார்த்த அருள்புரம் கம்பெனி மேனேஜர் எல்லோரையும் ஆளுக்கொரு போட்டோ கொடுக்கச் சொன்னதன் ரகசியம் இவ்வளவுதான்.

சின்னத்தாய் கொடுத்ததற்குக் காரணம் வேறு. அது மூக்கம்மாள்.

மூக்கம்மாளும் சின்னத்தாயைப் போலச் சாத்தூர்ப் பக்கத்துக்காரிதான். இவள் குடியிருக்கும் லைன் வீட்டுக் காம்பவுண்டில் கடைசி வீட்டுக்குப் போன வருஷம் குடிவந்தவள். அவள் மகன் வீரன் ஓவர்லாக் டெய்லர். சின்னத்தாயின் மகள் சித்ராதேவி பேக்கிங்கில் இருக்கிறாள். இரண்டும் ஒரே கம்பெனி வேனில் போய் வந்ததில் நடக்க வேண்டியது நடந்தது. மூக்கம்மாள் கோபப்படவில்லை. முறையாக வந்து பெண் கேட்டாள். எல்லாம் கூடி வந்த இடத்தில் ஒரு கேள்வி மட்டும் குறுக்கே படுத்துக்கொண்டது.

"மதினி, பொண்ணுக்கு அப்பன் இருந்தா வந்து நிக்கட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க, தாய்மாமன வச்சு முடிச்சுக்கிடுவோம். பத்திரிகையில அவுக பேருக்கு முன்னால அமரர்னு போடவா, வேண்டாமா? அச்சாபீஸ்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"இருக்காக மதினி. வேல முடிஞ்சதும் வந்துருவாக."

"எப்ப?"

சின்னத்தாய் முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள். அவள் புருஷன் முனீஸ் சாயப்பட்டறை வேலை பிடிக்காமல், டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்கென்று கேரளா பக்கம் போனபோது சித்ரா ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். கொஞ்ச காலம் முக்குக் கடைக்குப் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பாலக்காட்டில் ஒருத்தியோடு பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருக்கும் அவள் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் அது பொய். முதல் இரண்டு வருஷம் அழுதாள். அப்புறம் அழுகை போய் ஆத்திரம் வந்தது. அது மட்டும் போகவே இல்லை. என்றாலும் தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. புருஷன் வெளியூரில் இருக்கிறான் என்பது சாத்தி வைத்த கதவு மாதிரி. தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் வருகிறவன் தட்டிவிட்டுத்தானே வரவேண்டும்? லைன் சூப்பர்வைசர் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வீட்டு ஓனரின் மச்சினனும் தட்டிப் பார்த்திருக்கிறான். அது போக இன்னொன்றும் இருந்தது. முனீஸ் செத்தானா இருக்கிறானா என்பதை ஊர் வாய் முடிவு செய்யக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. விட்டுப் போனது அவளை. சொல்ல வேண்டியதும் அவள்தான்.

மூக்கம்மாள் அவனைக் கண்ணால் கண்டதில்லை. அவன் முகத்தை ஊரறியச் சுவரில் பெரிதாகப் பார்த்துவிட்டால், கையில் பிள்ளையோடு பெண்டாட்டி பக்கத்தில் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டால், இப்படி ஒரு ஆள் இருக்கிறான் என்று மனசுக்குள் விழுந்துவிடும். அதற்கப்புறம் அமரர் என்கிற பேச்சு அவ்வளவு சுலபமாக வாயில் வராது. சின்னத்தாய் போட்ட கணக்கு இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் கலைக்கூடத்து வாசலில் நின்றபோது படியெங்கும் செருப்புகள் கிடந்தன. செருப்பைக் கழற்றச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. முன்னால் போனவர்கள் கழற்றியிருந்ததால் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். சித்ரா புதுச் சுடிதாரில் வந்திருந்தாள். வீரன் தன் அம்மா மூக்கம்மாளின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காத மாதிரி நின்றான்.

உள்ளே நுழைந்ததும் ஊதுபத்தி வாசனை வந்தது. வாசலை ஒட்டிய சுவரில், மற்றப் படங்களிலிருந்து தள்ளி, ஒரு ஆளின் படம் தனியாகத் தொங்கியது. ஆகாய நீலத்தில் பின்னணி. வெள்ளைச் சட்டை. மார்புக்குக் குறுக்கே சந்தன மாலை. பிரேமின் உச்சியில் சிவப்பாக ஒரு சின்ன பல்பு எரிந்தது. அதன் வயர் சுவரோடு இறங்கி பிளக்கில் செருகியிருந்தது. கீழே யாரோ உதிரி மல்லிகையைத் தூவியிருந்தார்கள். யார் வீட்டுத் துக்கமோ, பாவம், இளவயசு என்று சின்னத்தாய் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தாள். கும்பிட்ட பிறகுதான் அது முனீஸ் என்று தெரிந்தது.

கருப்புசாமியைக் குறை சொல்லிப் பயனில்லை. குடும்பப் போட்டோவைக் கொண்டுவந்து ஒரே ஒரு முகத்தின் மேல் விரல் வைத்து, இவரை மட்டும் பெருசு பண்ணுங்கள் என்று சொல்கிறவர்கள் அவர் கடைக்கு வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். எல்லாருமே எரித்துவிட்டோ புதைத்துவிட்டோ நேராக வருகிறவர்கள். நல்ல போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு யாரும் சாவதில்லை. கல்யாண வீட்டுக் கும்பலிலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் ஆளைத் தனியாக வெட்டி எடுத்து, தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்து, பின்னால் நீலம் பூசித் தருவதில் அவர் கைதேர்ந்தவர். கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. வந்த பெண் பொட்டும் தாலியுமாக இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. படத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தை ஓதம் அரித்திருந்ததால், இறந்தவர் இவளுக்குத் தம்பியோ கொழுந்தனோ என்று எண்ணிக்கொண்டார். வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. சின்ன வயசுச் சாவு என்பதால் மாலையையும் பல்பையும் தன் செலவில் போட்டுக் கொடுத்தார்.

டீச்சரும் அந்த வீட்டார் விருப்பம் அதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பல்புக்குக் கரண்ட் வேண்டும். அந்தக் குடோனில் உருப்படியாக இருந்த பிளக் பாயின்ட் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுதான். அதனால் முனீஸ் முதல் படமாக ஆனான். கண்காட்சியைத் திறந்து வைக்க வந்த கம்பெனி முதலாளி அவன் முன்னால் நின்று கண்ணை மூடி அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் மற்றப் படங்கள் பக்கம் போனாராம்.

படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் சின்னத்தாயின் பேரைப் படித்துவிட்டு, செக்கிங் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தோளைத் தடவினாள். "ஒரு வார்த்த சொல்லலையேக்கா" என்றாள் இன்னொருத்தி. மூக்கம்மாள் படத்துக்கு முன்னால் குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

"ஏன் மதினி, இத மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தீகளா? நானும் கூறுகெட்டவ, அமரர் போடவா வேண்டாமான்னு கேட்டுக் கேட்டு உங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டனே. போகட்டும். தை பொறக்கட்டும், பிள்ளைகளுக்கு முடிச்சு வச்சிருவோம்."

சொல்லிவிட்டு அவள் பார்வை சின்னத்தாயின் நெற்றிக்குப் போயிற்று. அங்கிருந்து கழுத்துக்கு இறங்கி மறுபடி நெற்றிக்கு வந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"இதெல்லாம் இங்க வச்சு வேண்டாம். வீட்டுக்குப் போயி பாத்துக்கிடுவோம்."

சின்னத்தாய்க்கு யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவள் திரும்பியபோது சித்ரா அவள் முழங்கையைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்தாள்.

"அம்மா, இப்படியே இருக்கட்டும்மா."

"என்னடி பேசுத? உங்கப்பாடி அது."

"தெரியுதும்மா. அவரு வந்தா வரட்டும், நான் வேண்டாங்கல. வருவாரு வருவாருன்னு நீ சொல்லிட்டே இரு. நான் எத்தன வருசத்துக்கு இப்படியே இருக்கறது?"

அழுகை இல்லாமல், கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். சின்னத்தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். தூரத்தில் வீரன் கைப்பையைக் கைமாற்றிக்கொண்டு நின்றிருந்தான்.

அதற்குள் மைக் நடக்க ஆரம்பித்திருந்தது. குன்னத்தூர்க்காரத் தம்பதி தங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு விக்கல் வந்ததைச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஊட்டி மலை வரைந்த திரைக்கு முன்னால் நின்றே ஊட்டிக்குப் போய்வந்த கதையை இன்னொரு குடும்பம் சொன்னது. டீச்சர் மைக்கோடு வாசல் பக்கம் வந்தாள். சின்னத்தாயின் நெற்றியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப் போயிற்று. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அக்கா... அண்ணன் இருக்காருங்களா? ஏதாவது தப்பு நடந்துபோச்சா? சொல்லுங்கக்கா, இப்பவே கழட்டிடறேன்."

சித்ராவின் பிடி முழங்கையில் அப்படியே இருந்தது. மூக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னத்தாய் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தாள். ஆமா, இருக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் மாலை இறங்கிவிடும், பல்பு அணைந்துவிடும், கல்யாணமும் கூடவே அணைந்துவிடும். நாளைக்கே அவன் வந்து நின்றால்? வந்து நிற்கட்டுமே என்று தோன்றியது. வந்து, இந்த மாலையைப் பார்த்துக்கொண்டு, தன் படத்துக்கு முன்னால் தானே நிற்கட்டும். அப்படி நினைத்ததும் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இடம் பெயர்ந்து உட்கார்ந்தது.

சின்னத்தாய் மைக்கை வாங்கினாள்.

"இவுக பேரு முனீஸ். என் வீட்டுக்காரரு. சித்ராவுக்கு அப்பா." படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "தவறிட்டாக."

ஸ்பீக்கரில் அது பெரிதாகக் கேட்டது. அவள் குரல் மாதிரியே இல்லை. யாரும் கைதட்டவில்லை. டீச்சர் மைக்கை வாங்கிக்கொண்டு, அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். கூட்டமும் அவள் பின்னாலேயே நகர்ந்தது. சித்ரா முழங்கையை விட்டாள். விட்ட இடத்தில் நாலு விரல் தடம் சிவந்திருந்தது.

சின்னத்தாய் மட்டும் அங்கேயே நின்றாள். அவள் அவனை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. வீட்டில் இருந்த காலத்திலும் பார்க்கவிட்டவன் இல்லை. முகம் தெளிவாகத்தான் இருந்தது. கருப்புசாமி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். பிள்ளையைத் தூக்கியிருந்த கை மார்புக்குக் கீழே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அவள் நின்றிருந்த இடத்தில் நீலம் இருந்தது. மேலே சுற்றிய மின்விசிறிக் காற்றில் மாலை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்யலாம் என்று கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாலை மறைத்திருந்த இடத்தில், சட்டைக் காலரில், நாலு குட்டி விரல்கள் இருந்தன.

கை இல்லை, பிள்ளையும் இல்லை. அதெல்லாம் நீலமாகிவிட்டது. சட்டையோடு சட்டையாக ஒட்டியிருந்த விரல்கள் மட்டும் விட்டுப் போயிருந்தன. அவை காலரை இறுகப் பற்றியிருந்தன. அன்றைக்கு சாத்தூர் ஸ்டூடியோவில் விளக்கு வெளிச்சத்துக்குப் பயந்து, இறக்கிவிட்டுவிடுவானோ என்று சித்ரா அந்தக் காலரைப் பிடித்தது சின்னத்தாய்க்கு ஞாபகம் வந்தது. சட்டை கசங்குகிறதே என்று அவள் எடுத்துவிடப் போனாள். பிடிச்சுக்கிடட்டும் விடு என்று முனீஸ் சொன்னான்.

"நல்லா வந்திருக்குதுங்களா அம்மிணி?"

கருப்புசாமி பின்னால் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். "கோட்டு போட்டுடலாம்னு பாத்தனுங்க. சட்டையே அம்சமா இருந்துதா, விட்டுப்போட்டேன். இந்தாங்க உங்க ஒரிஜினலு, பத்திரமா வெச்சுக்குங்க." பழைய போட்டோ இருந்த கவரை நீட்டியவர், அவள் பார்க்கும் இடத்தைத் தானும் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"அட, கொழந்தை விரலு! எப்படிங்க இதைய விட்டேன்? ரெண்டு நாள் குடுங்கம்மிணி, தடமே தெரியாம எடுத்துப்போடறேன்."

"வேண்டாம்ணே. அது இருக்கட்டும்."

அவள் கவரை வாங்கிப் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். கை தன் பழக்கப்படி பொட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மேனேஜருக்கு வேண்டிய போட்டோக்கள் கிடைத்துவிட்டன. பெண்கள் படியில் குனிந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். மூக்கம்மாள் சித்ராவின் தலையிலிருந்து சரிந்த பூவைச் சரியாக வைத்துவிட்டு, வாசலிலிருந்து "மதினி, வாங்க" என்று கூப்பிட்டாள். சின்னத்தாய் சந்தன மாலையை இழுத்து விரல்களின் மேல் மூடினாள். இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் மாலை மெல்ல ஆடி மறுபடி ஒதுங்கியிருந்தது. சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் நாலு விரல்களும் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தன.